அம்மா தண்ணீர் குடித்துவிட்டு ஏறிய வேன்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறுவதென்றால் என் அம்மா அன்று மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். தேத்தண்ணீரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணம். நடுச்சாமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பஸ் நிற்கும். கடைக்குப் பின்னால், கொளுக்கி இல்லாத கதவும் ஈரத் தரையுமாக ஒரு மலசலகூடம் இருக்கும். முழங்கால் நோவோடு, எழுபது வயதில், அந்த இருட்டில் குந்தி எழும்ப அவரால் முடியாது. அதனால் குடிக்காமலே போய், குடிக்காமலே வருவார். நீரிழிவும் உள்ளவர். ஒருமுறை ஊருக்குப் போய்வந்த மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் அதே வருத்தம். அவரும் ஊருக்குப் போய்வந்தவர்தான்.

எங்கள் வேனுக்குள் படுக்கை வருவதற்கு முன்பே மலசலகூடம் வந்தது இதனால்தான். வேனில் தங்கிப் பயணம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் மெத்தையைப் பற்றியும் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் மற்றப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். இரவில் எங்கே நிறுத்தலாம், எத்தனை இரவு நிற்கலாம், யார் யார் கூட வரலாம் என்பதையெல்லாம் மலசலகூடம்தான் தீர்மானிக்கிறது.

வேன் பழையது. டொயோட்டா ஹையேஸ், எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் வகை, டீசலில் ஓடுவது. என் கணவர் தொழிலுக்குச் சாமான் ஏற்ற வாங்கினார். அதற்குள் இரவு தங்கலாம் என்பதை நாங்கள் விரும்பிப் படிக்கவில்லை. 2022 யூன் மாதம், நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு இருந்தபோது, டீசல் வரிசையில் படித்தோம். வெள்ளவத்தையில் எரிபொருள் நிலையத்திலிருந்து தொடங்கிய வரிசை ஒழுங்கைகளுக்குள் வளைந்து போய்க்கொண்டிருந்தது. மூன்று இரவு நானும் அவரும் மாறி மாறி வேனுக்குள் படுத்தோம். வெப்பத்தையும் நுளம்பையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பெண்களுக்குப் போக இடமில்லை என்பதுதான் பெரிய துன்பம். இரண்டாம் நாள் அந்த ஒழுங்கையில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் கேற்றைத் திறந்து, வெளிப்பக்க மலசலகூடத்தை வரிசையில் நிற்கும் பெண்களுக்கு விட்டது. வாளியில் தண்ணீரும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரி எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். முன்பின் தெரியாத இடத்தில் ஒரு இரவைக் கழிக்க மனிதருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை அந்த வாளியைப் பார்த்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

வரிசைகள் முடிந்த பிறகு, அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போக இந்த வேனையே மாற்றி அமைப்பது என்று முடிவு செய்தோம். நியூசிலாந்தில் இருக்கும் என் தம்பி அங்குள்ள விதிகளைச் சொன்னான். அங்கே பல பொது இடங்களில் இரவு தங்கும் வேன் தன் கழிவைத் தானே சுமந்து போகக்கூடியதாக இருக்கவேண்டும். 2023இல் வந்த சட்டத்தின்படி அப்படிச் சான்றிதழ் பெறும் வேனில் மலசலகூடம் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாளுக்கு நல்ல தண்ணீர், அந்தத் தண்ணீர் அழுக்கானால் பிடித்துவைக்க அதே அளவு தொட்டி, மலசலகூடத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 லீற்றர் கொள்ளளவு என்பது அவர்களுடைய கணக்கு. நாங்கள் நாலு பேர்: அம்மா, நான், கணவர், மகள். அப்படியென்றால் 48 லீற்றர் தண்ணீரும் 12 லீற்றர் மலத்தொட்டியும் போதும்.

போதவில்லை. அந்தக் கணக்கு கடதாசி பாவிக்கிறவர்களின் கணக்கு. நாங்கள் கழுவுகிறவர்கள்.

இதை ஒருவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் உலர் முறையைத்தான் முயன்றோம். சிறுநீர் முன்பக்கம் ஒரு கலனுக்குப் போகும், மலம் பின்பக்கம் வாளியில் விழும், அதன்மேல் ஒவ்வொரு தடவையும் உலர்ந்த தூள் போடவேண்டும். இரண்டும் கலக்காவிட்டால் மணம் வராது என்பது உண்மை. தூளுக்கு வெளிநாட்டுக்காரர் சதுப்பு நிலத்துக் கரி மண்ணைத் தேடுவார்கள். நமக்குத் தேங்காய்த் தும்புத்தூள் இருக்கிறது. பூக்கன்றுக் கடையில் 650 கிராம் கட்டி ஒன்று வாங்கி நனைத்தால் எட்டு லீற்றர் அளவுக்குப் பொங்கும். அதைக் காயவைத்துப் பாவிக்கலாம். முதல் நாள் அருமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் கழுவிய தண்ணீர் பின்வாளிக்குள் இறங்க இறங்கத் தும்பு ஊறிச் சேறாகிவிட்டது. இரண்டாம் நாள் மாலை வேனுக்குள் இருக்க முடியவில்லை. கடதாசிக்கு மாறுங்கள் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் தேவையில்லை. எழுபது வருடம் சுத்தம் என்று கற்ற ஒன்றை ஒரு வேனுக்காக ஏன் விடவேண்டும்?

அதனால் பெட்டித்தொட்டி வகைக்கு மாறினோம். மேலே இருக்கை, கீழே தனியே கழற்றி எடுக்கும் 18 லீற்றர்த் தொட்டி, இடையில் இழுத்துத் திறக்கும் ஒரு மூடி. இருக்கைக்குக் கீழே மரைன் பிளைவூட்டில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு மேடை அடித்தோம், அம்மாவின் முழங்காலுக்காக. பக்கத்தில் எழும்பப் பிடிக்க ஒரு இரும்புக் கைபிடி. சுற்றிலும் திரைச்சேலை போடத்தான் நினைத்திருந்தோம். மகள் மறுத்துவிட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. கதவும் கொளுக்கியும் வேண்டும் என்றாள், அவள் சொன்னது சரி. மூன்று பக்கம் பலகை, ஒரு மடிப்புக் கதவு, கூரையில் சிறிய காற்றாடி என்று கட்டினோம். படுக்கை ஒரு அடி குறைந்தது. அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் முறையிட்டதில்லை.

தொட்டிக்குள் ஊற்றும் நீலநிற மருந்துகளில் பல கிருமிகளைக் கொல்லும் வகை. அதைக் குழி மலசலகூடத்தில் கொட்டினால், அங்கே கழிவைச் சிதைக்கும் நல்ல கிருமிகளும் சாகும். கொழும்பு மாநகரின் பெரும் பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரப் பக்கமும் அது கடலுக்குள் தூரமாகப் போய் முடிகிறது. ஆனால் நகரத்தைத் தாண்டினால் அனேகமாக எல்லா வீட்டிலும் குழிதான். யாரோ ஒருவருடைய குழியில்தான் நாங்கள் கொட்டப்போகிறோம் என்று தெரிந்தபின் நீல மருந்தை விட்டு, நொதியம் கலந்த வகையை எடுத்தோம். இன்னொரு விஷயம், இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: வெளுக்கும் திரவத்தையோ குளோரின் தூளையோ தொட்டிக்குள் போடவே கூடாது. சிறுநீரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். அடைத்த வேனுக்குள் அது விளையாட்டல்ல.

ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை இரவு மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நிறுத்தினோம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஏதும் தவறினால் திரும்பி விடலாம் என்ற தைரியம். கடற்காற்று இருந்ததால் வெப்பம் குறைவு. பதினொரு மணிக்கு இரண்டு பொலிசார் வந்து கண்ணாடியில் தட்டி, அடையாள அட்டை கேட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரை மூடிய வேன் ஒன்று இரவில் வீதியோரம் நிற்பதை யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. அப்புறம் விடியற்காலையில் பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில்கள் தொடங்கிவிட்டன. நகரத்துக்குள் இரவு தங்க இது இடமில்லை என்று எழுதி வைத்தேன். கொழும்பில் நிற்க வேண்டி வந்தால் தெரிந்தவர் வீட்டு வளவோ, காவலாளி உள்ள கட்டணத் தரிப்பிடமோ பாருங்கள். கேட்டபோது ஒரு தரிப்பிடக்காரர் இரவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு சம்மதித்தார், காவலாளியின் மலசலகூடத்தையும் பாவிக்க விட்டார். பெரிய கடைத்தொகுதிகளின் மலசலகூடங்கள் நன்றாக இருக்கும். ஆனால் அவை கடையோடு சேர்ந்து பூட்டப்படும். தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

முதல் நெடும்பயணம் மன்னார்ப் பக்கத்துச் சிவன் கோயிலான திருக்கேதீச்சரத்துக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டு, பொழுது சாயும்போது முன்னேஸ்வரம் சேர்ந்தோம். கோயில் அலுவலகத்தில் கேட்டு, வெளிச்சம் உள்ள ஒரு ஓரமாக நிறுத்தினோம். அம்மா வேனில் ஏறுமுன் ஒரு பெரிய கோப்பை தண்ணீர் குடித்திருந்தார், நான் கண்ணால் பார்த்தேன். இரவு மூன்று தடவை எழும்பினார். மூன்று தடவையும் சத்தமில்லாமல் போய் வந்தார். காலையில் "நித்திரை வந்ததே?" என்று கேட்டேன். "வீட்டில மாதிரி" என்றார்.

ஆனால் அந்த இரவோடேயே தொட்டி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. நாங்கள் வழக்கம்போல் கோப்பையால் அள்ளிக் கழுவியதுதான் காரணம். ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் போயிருக்கும். அடுத்த நாள் காலை வழியில் பார்த்த இரண்டு இடங்களில் மலசலகூடம் பூட்டியிருந்ததால் பகலிலும் வேனுக்குள்ளேயே போனோம். புத்தளம் தாண்டி அனுராதபுரம் வீதியில் ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தி, அங்குள்ளவரிடம் கேட்டுத் தொட்டியைக் காலிசெய்யக் கழற்றினோம். பகல் ஒரு மணி வெயில். இரண்டு மணி நேரம் சூட்டில் குலுங்கி வந்த தொட்டிக்குள் வாயு அடைத்திருந்தது. ஊற்றும் குழாயின் மூடியைத் திறந்ததும் அது சீறிக்கொண்டு வந்து என் கணவரின் சட்டையிலும் சுவரிலும் தெறித்தது. காற்றை விடும் பொத்தானை முதலில் அமத்தி, சீற்றம் அடங்கிய பிறகே மூடியைத் திறக்கவேண்டும். அது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த மலசலகூடம் முழுவதையும் கழுவி, எங்களையும் கழுவி, செட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குக் காசு கொடுத்துப் புறப்படும்போது இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அந்தத் தாமதம்தான் அன்றிரவு நடந்ததற்குக் காரணம்.

மதவாச்சியால் திரும்பி மன்னார் வீதியில் போகும்போதே இருட்டிவிட்டது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இரவில் ஓடவேண்டாம் என்று கடைக்காரர் ஒருவர் எச்சரித்தார். முருங்கனுக்கு அப்பால் ஒரு சிறிய கிராமத்தில், பூட்டியிருந்த சனசமூக நிலையத்துக்கு முன் வெட்டையில் நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தோம். வேன் அப்போது முழு வெள்ளை.

கொஞ்ச நேரத்தில் நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ரோச் லைற்றோடு ஒரு வயதானவர் வேலிப் படலை வரை வந்து, அதற்கு மேல் வராமல் நின்றார். கிட்ட வந்து யார் என்று கேட்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. நாங்கள் உள்ளே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "வெள்ளை வேனடி பிள்ளை. அந்தச் சனம் எங்களுக்குப் பயப்பிடுது. லைற்றைப் போட்டுக் கதவைத் திற" என்றார்.

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. போர்க் காலத்தில் ஆட்களைக் கடத்திப் போனது வெள்ளை வேன்களில்தான்; அந்தச் சொல் நம் சனத்துக்கு என்னவென்று எனக்குத் தெரியாததல்ல. கொழும்பில் அந்த வருடங்களில், இரவில் வாசலில் ஒரு வேன் வேகம் குறைக்கும் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அந்த நான் ஒரு கிராமத்தின் நடுவில், திரை மூடிய வெள்ளை வேனை இருட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

விளக்கைப் போட்டோம். அம்மா பிடித்துப் பிடித்து இறங்கி, "ஐயா, நாங்கள் கொழும்பில இருந்து வாறம். கேதீச்சரத்துக்குப் போறம்" என்று குரல் கொடுத்தார். அவர் வெளிச்சத்தை அம்மாவின் காலடிக்கு இறக்கினார். கிட்ட வந்து, மகளைப் பார்த்து, உள்ளே இருந்த மெத்தையையும் பானைகளையும் பார்த்து, அதற்குப் பிறகுதான் பேசினார்.

"இருட்ட முன்னம் வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வளவுக்குள் வேனைக் கொண்டுவரச் சொன்னார். கிணற்றைக் காட்டினார், மலசலகூடத்தின் விளக்கை எரியவிட்டார். காலையில் அவருடைய மருமகள் இடியப்பமும் சொதியும் தந்தார். முன்கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது, இளம் பொடியன். நாங்கள் கேட்கவில்லை. அம்மா மட்டும் போகும்போது அந்தப் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் பயணத்தில் ஒரு விதியை மாற்றுவதேயில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு, எங்கே இருந்தாலும் ஓட்டம் நிற்கும். ஐந்திலிருந்து ஆறு வரை இடம் கேட்கும் நேரம். கடை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், வீடு, யாராவது ஒருவரிடம் பெயர் சொல்லி, எங்கிருந்து எங்கே போகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று சொல்லி, நிற்கலாமா என்று கேட்போம். முடியாது என்றால் நன்றி சொல்லி அடுத்த இடம். வேனின் கீழ்ப்பாதிக்கு மஞ்சள் அடித்துவிட்டோம். ஒன்பது மணி வரை உள்விளக்கு எரியும், திரை பாதி திறந்திருக்கும். அம்மா வெளியே கதிரை போட்டு இருப்பார். ஒரு வயதான பெண் வெளியே இருந்து வெற்றிலை போடுவதைப் பார்த்தால் ஊர்ச்சனம் தானாக வந்து "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்கிறது. கேள்வி வந்துவிட்டால் பயம் போய்விட்டது என்று அர்த்தம்.

கழுவும் தண்ணீருக்கும் வழி கண்டோம். கோப்பையை எடுத்துவிட்டு, மூடியில் சிறு துளை போட்ட அரை லீற்றர்ப் போத்தலை வைத்தோம். அமத்தினால் பீறிட்டு வரும். அதுவே நன்றாகச் சுத்தம் செய்யும். இப்போது ஒரு தடவைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லீற்றர்தான் தொட்டிக்குப் போகிறது. பகலில் வெளியிடங்களைப் பாவித்து, வேனை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஆளுக்கு இரண்டு தடவை, நாலு பேருக்கு எட்டு லீற்றர். பதினெட்டு லீற்றரில் இரண்டு இரவு தாராளமாகப் போகும், மூன்றாம் நாள் காலை காலிசெய்ய வேண்டும். நல்ல தண்ணீர் 80 லீற்றர் கொண்டு போகிறோம். 80 லீற்றர் என்றால் 80 கிலோ. அதைத் தாழ்வாக, பின் சில்லுகளுக்குக் கிட்ட வையுங்கள், கூரையில் ஏற்ற வேண்டாம். அனுராதபுரம் பக்கத்துக் கிணற்று நீரைக் குடிக்க எடுக்காமல், ஊர்களில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் காசு கொடுத்து நிரப்புகிறோம். சிறுநீரக நோயால் அந்தப் பகுதி பட்ட பாடு தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

காலிசெய்வதற்கு நாங்கள் நம்புவது குந்தும் மலசலகூடத்தைத்தான். கொமட்டில் ஊற்றினால் தெறிக்கும். குந்தும் பீங்கான் தாழ்வாக இருப்பதால் குழாயை வாயருகே வைத்து மெதுவாக ஊற்றலாம். பிறகு இரண்டு வாளி தண்ணீர். கையுறை, அதற்கென்று தனி வாளி, தனித் தும்புத்தடி. கேட்காமல் எங்கும் ஊற்றுவதில்லை. விருந்தினர் விடுதிகளில் 500 ரூபா கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள். கான், வாய்க்கால், குளக்கரை, காடு என்று எந்த இடத்திலும், எவ்வளவு அவசரமென்றாலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கவேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியே சீக்கிரம் கீழே போய்ச் சேரும். ஏற்கெனவே மலக்குழிகளாலும் பசளையாலும் பல கிணறுகள் கெட்டுப்போன மண் அது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட அங்கே கலனில் பிடித்து வைத்து, தங்கும் வீட்டில் கேட்டுத்தான் ஊற்றுகிறோம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மின்சாரத்துக்கு இரண்டு 100 வாற் சூரியத் தகடும் ஒரு 100 ஆம்பியர்மணி லிதியம் பற்றரியும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது வீட்டுக்கென்று வாங்கிய தகடுகள் அவை. இரண்டு காற்றாடி இரவு முழுக்க ஓடும், சிறிய குளிர்ப்பெட்டியும் ஓடும், அம்மாவின் இன்சுலினுக்கு அது கட்டாயம். மாரி மழைக் காலத்தில் இரண்டாம் நாளே பற்றரி இறங்கிவிடும். இயந்திரத்தை ஓடவிட்டு ஏசி போட்டுப் படுக்கவே வேண்டாம். புகையில் இருக்கும் நச்சுவாயு உள்ளே வந்தால் நித்திரையிலேயே உயிர் போகும், அந்த வாயுவுக்கு மணமும் இல்லை. சமைப்பதும் வெளியேதான், காஸ் சிலிண்டர் இரவில் வேனுக்குள் இருக்காது. தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். எங்களுக்குத் தகடு ஒன்று உடைந்தது, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. யானை நடமாடும் இடங்களில் வாழைப்பழம், மாம்பழம், அரிசி, உப்பு எதையும் மணம் வெளியே போகும்படி வைக்காதீர்கள். கடற்கரை மணலில் இறக்கினால் பின்சில்லு புதையும், உழவு இயந்திரம் தேட வேண்டிவரும். இரவில் வெளியே கால் வைப்பதென்றால் செருப்பும் வெளிச்சமும் வேண்டும். வன்னியில் புடையன் பாம்பு உண்டு. உள்ளே மலசலகூடம் இருப்பது அதனாலும் ஒரு காப்பு.

நான் கண்டதில் மடு மாதா தேவாலய வளவுதான் இந்தப் பயணத்துக்கு மிகப் பொருத்தமான இடம். ஓகஸ்ற் 15 திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரும் சைவரும். நாங்கள் திருவிழா இல்லாத நாளில் போய், அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஒரு இரவு நின்றோம். மர நிழல், தண்ணீர்க் குழாய், மலசலகூடங்கள், பக்கத்தில் மனிதர். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. யாழ்ப்பாணத்து வீதிகளில் மாட்டு வண்டில்காரருக்கும் சுமையோடு நடந்து போவோருக்குமென்று நம் ஆட்கள் கட்டிவைத்தவை இன்னும் அங்கங்கே இருக்கின்றன: சுமை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, தண்ணீருக்குக் கேணி, மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், ஆள் படுக்க மடம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை அம்மாதான் மகளுக்குக் காட்டினார். வீதிக்கு மேலாகவே கூரை போட்ட மடம், இரண்டு பக்கமும் திண்ணை. மாட்டுக்கு உடம்பு கடிக்கும் என்று யோசித்து ஒரு கல்லை நட்டுவைத்தவர்களின் ஊரில், இன்று நெடுந்தூரம் போகும் ஒரு பெண்ணுக்குப் பூட்டக்கூடிய கதவோடு ஒரு மலசலகூடம் இல்லை என்பது எனக்கு உண்மையில் மனவருத்தமாக இருக்கிறது. பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் பிரதான வீதியில் கிறவல் போட்ட ஒரு சிறு வெட்டை, ஒரு மின்விளக்கு, ஒரு குழாய், உள்பூட்டு உள்ள இரண்டு மலசலகூடம், அதைக் கழுவி ஒரு கட்டணம் வாங்க ஊரிலேயே ஒருவர் என்று வைத்தால் போதும். தொட்டி காலிசெய்யக் குழியோடு இணைத்த ஒரு பீங்கானும் இருந்தால் இன்னும் நல்லது. வேன்காரருக்கு மட்டுமல்ல, லொறிச் சாரதிகளுக்கும் இரவு பஸ்ஸில் வரும் எல்லா அம்மாமாருக்கும் அது உதவும். நாங்கள் போய்வந்த இரண்டு சபைகளுக்கு இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த முறை நேரில் போவேன்.

அம்மா ஒரு கொப்பி வைத்திருக்கிறார். எந்த ஊரில் யார் இடம் தந்தார்கள், கிணறு எந்தப் பக்கம், மலசலகூடத்துக்கு எத்தனை படி, பிடிக்கக் கைபிடி உண்டா என்று எழுதுவார். முருங்கன் ஐயாவின் வளவுதான் முதல் பக்கம். தைப்பொங்கலுக்கு அங்கே போகிறோம். அதற்குள் தொட்டியின் இறப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் கைபிடியையும் நாலு விரற்கடை இறக்கிப் பூட்டச் சொல்கிறார் அம்மா. சனிக்கிழமை கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.